மன்னாரின் கோட்டைகளும் ஒதுக்கிடங்களும்: காவல் என்னும் கருத்தின் கரையோர வரலாறு

இலங்கையின் வடமேற்கே, பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மணற்றீவின் கிழக்கு முனையில் மன்னார் நகரம் அமைந்துள்ளது. இந்நகரை நடுவாக வைத்துச் சுற்றுப்புறத்தைக் காண வருவோருக்கு இரண்டு வகையான இடங்கள் காட்டப்படுகின்றன. ஒருபுறம் மன்னார்க் கோட்டை, அரிப்புக் கோட்டை, அதன் அண்மையிலுள்ள தோரிக் மாளிகையின் இடிபாடு. மறுபுறம் வங்காலைப் பறவைகள் சரணாலயம், இராமர் பாலக் கடல்சார் தேசியப் பூங்கா, விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம், தெற்கே வில்பத்து தேசியப் பூங்கா. முதல் வகையை வரலாற்றாசிரியரும் இரண்டாம் வகையைச் சூழலியலாளரும் எழுதிவந்துள்ளனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததற்கான தடயம் அரிதாகவே காணப்படுகின்றது. கோட்டை பழையது, ஒதுக்கிடம் புதியது. ஒன்று போருக்குரியது, மற்றது அறிவியலுக்குரியது என்னும் எண்ணமே இப்பிரிவினைக்குக் காரணம் எனலாம்.

இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு கட்டங்களாக வாசிக்க இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து. கடலும் கரையும் தரும் செல்வத்தை யார் காப்பது, யாரிடமிருந்து காப்பது, யாருக்காகக் காப்பது என்னும் வினாக்கள் கோட்டை எழுந்த காலத்திலும் இருந்தன; ஒதுக்கிடம் அறிவிக்கப்பட்ட காலத்திலும் இருந்தன. தமிழில் இவ்வுறவு சொல்லளவிலேயே தெரிகின்றது. கோட்டைக்குக் ‘காவல்’ உண்டு. காட்டுக்கும் ‘காவல்’ உண்டு. ‘ஒதுக்குதல்’ என்னும் சொல்லோ ஒன்றனுக்கென்று தனியே எடுத்துவைத்தலையும் ஒருவரைப் புறத்தே தள்ளிவைத்தலையும் சேர்த்தே குறிக்கும். மன்னாரின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் இவ்விரு பொருளும் பெரும்பாலும் உடனிகழ்ந்துள்ளன.

கோட்டையின் தோற்றம்

மன்னார் தீவில் கோட்டை எழுவதற்கு முன்னரே எதிர்க்கரையிலிருந்த மாதோட்டம் பெருந்துறைமுகமாகப் புகழ்பெற்றிருந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அத்துறைமுகத்தின் தலமாகும். 1980களின் முற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கு நடைபெற்ற அகழாய்வுகள், மேற்காசியாவையும் சீனத்தையும் இணைத்த வணிகத்தின் சான்றுகளை வெளிப்படுத்தின. போர்த்துக்கேயர் வந்தபோது மாதோட்டத்தின் பெருமை மங்கியிருந்தது. முத்து மங்கவில்லை.

1544 இல் மன்னாரில் கிறித்தவம் தழுவியோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்த நிகழ்ச்சி நன்கறியப்பட்டது. கொல்லப்பட்டோர் அறுநூற்றுவர் அளவினர் எனக் கிறித்தவ மரபு கூறும். சமயப் பகையாக மட்டுமே பெரும்பாலும் இது பேசப்படுகின்றது. எனினும் முத்துக்குளித்துறையின் பரதவர் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி மதம் மாறிய அதே பத்தாண்டுகளை அடுத்தே இது நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. மதம் மாறிய கடலோரக் குடி, வரி செலுத்தும் குடியாக வேறோர் அரசிடம் சென்றுவிடும் என்னும் அச்சம் யாழ்ப்பாண அரசுக்கு இருந்திருத்தல் வேண்டும்.

1560 இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்டன்டினோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தார். யாழ்ப்பாணத்தை அவரால் நிலையாகப் பிடித்துவைக்க இயலவில்லை. திரும்பும் வழியில் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டுவித்தார். அத்துடன் எதிர்க்கரையிலுள்ள புன்னைக்காயலிலிருந்து பரதவர் பலரும் மன்னாருக்குக் கொண்டுவரப்பட்டனர். இக்குடிபெயர்ப்பு கருதத்தக்கது. கோட்டையோடு, அது காக்க வேண்டிய மக்களும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டனர். முத்துக்குளிக்கும் கைகள் இல்லாமல் முத்துக்குக் காவல் இருந்தும் பயனில்லை என்பதைப் போர்த்துக்கேயர் அறிந்திருந்தனர்.

திருக்கேதீச்சரக் கோயிலின் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பப்பட்டது என்னும் மரபு இப்பகுதியில் வலுவாக வழங்குகின்றது. இன்று கோட்டைக்குள் செல்வோர் காண்பது பெரிதும் ஒல்லாந்தர் 1658 இல் கைப்பற்றி, 1696 அளவில் திருத்திக் கட்டிய வடிவமாகும். நாற்புற மதில், நான்கு கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, உள்ளே கூரையிழந்த தேவாலயம், ஒல்லாந்த எழுத்துப் பொறித்த கல்லறைப் பலகைகள். யாழ்ப்பாணக் கோட்டையோடு ஒப்பிட மிகச் சிறியது. நகரின் மக்கட்டொகைக்கேற்ப இவ்வளவு போதும் எனக் கருதப்பட்டிருக்கலாம் என்று சிலர் எழுதியுள்ளனர், அது பொருந்தாது. இக்கோட்டை நகரைக் காக்கக் கட்டப்பட்டதன்று. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடல்வழியைப் பார்த்தே அது நிற்கின்றது. தோணிகளின் போக்குவரத்தும் தெற்கே முத்துப்பார்களுக்குச் செல்லும் வழியும் அதன் கண்காணிப்பில் இருந்தன.

அரிப்பும் முத்துப்பாரும்

மன்னாருக்குத் தெற்கே அருவியாறு கடலோடு கலக்கும் இடத்தருகே அரிப்பு உள்ளது. இங்குள்ள சிறு கோட்டைக்கு ஆங்கில இலக்கிய வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. 1660 இல் கண்டியரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட ரொபேர்ட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்டி நாட்டில் அடைபட்டிருந்து, தோழர் ஒருவருடன் அருவியாற்றங்கரைக் காட்டின் வழியே தப்பி, 1679 அக்டோபர் 18 ஆம் நாள் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் வெளியான அவரது நூல், இலங்கையின் உள்நாட்டை ஐரோப்பியருக்கு விரிவாக அறிமுகப்படுத்திற்று. நொக்ஸுக்கு அக்கோட்டை விடுதலையின் வாயில். அதே கோட்டை முத்துக்குளிப்போருக்கு என்னவாக இருந்தது என்பதை எழுத அவர்களுள் ஒரு நொக்ஸ் தோன்றவில்லை.

அரிப்புக் கோட்டையின் பொருளை உணரக் கடலுக்குள் பார்க்க வேண்டும். கரைக்கு அப்பால் கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் எனக் குளிப்போர் இட்ட பெயர்களே ஐரோப்பியர் வரைபடங்களிலும் ஏறின. அருகிலுள்ள சிலாபத்துறையின் பெயரும் முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்னும் சொல்லோடு உறவுடையது. முத்துச்சிப்பி முதிர்வதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். இளஞ்சிப்பியை வாரினால் பார் வெறுமையாகும். காலந்தாழ்த்தினால் சிப்பி தானே அழியும். ஆகவே ஒல்லாந்தரும் அவர்க்குப்பின் பிரித்தானியரும் பார்களை ஆண்டுதோறும் சோதித்து, சிப்பியின் முதிர்வைக் கணித்தபின்னரே சலாபத்தை அறிவித்தனர். அறிவிக்கப்படாத காலத்தில் அப்பகுதிக்குள் சென்று குளிப்பது குற்றமாகும்.

இதுவே மன்னார்க் கரையின் முதல் ‘ஒதுக்கிடம்’ எனக் கொள்ளலாம். எல்லை வகுத்தல், பருவம் குறித்தல், அதிகாரி அமர்த்தல், அத்துமீறினால் தண்டித்தல் ஆகிய இன்றைய இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் உறுப்புகள் யாவும் முத்துப்பார்க் காவலில் முன்னரே அமைந்திருந்தன. வேறுபாடு நோக்கத்திலேயே உள்ளது. பார் காக்கப்பட்டது சிப்பிக்காக அன்று. அடுத்த சலாபத்தின் வருவாய்க்காக. அந்த நோக்கமும் பேராசை வந்தபோது கைவிடப்பட்டது. ஒல்லாந்தரிடமிருந்து இக்கரையைப் பெற்ற கையோடு, 1796 முதல் 1798 வரை மூன்றாண்டுகள் அடுத்தடுத்து சலாபம் நடத்திப் பெருவருவாய் ஈட்டிய ஆங்கிலக் கம்பனி, பார்களைச் சோர்வுற்ற நிலையில் விட்டுச்சென்றது.

சலாபக் காலத்தில் ஆளரவமற்ற கரை சில கிழமைகளுக்குப் பெருநகராக மாறும். தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்து பரதவரும் முஸ்லிம்களும் தோணிகளுடன் வருவர். அரபு நாட்டுக் குளிப்போரும் வருவர். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் உடையவராகக் கருதப்பட்ட ‘கடற்கட்டி’ இல்லாமல் குளிப்போர் நீரில் இறங்கார். ஐரோப்பிய அதிகாரிகள் கடற்கட்டியை எள்ளி எழுதினர்; எழுதிய கையாலேயே அவருக்குச் சம்பளமும் கொடுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்க்கும் உரியதாக இருந்தது.

இவ்வருவாயின் கண்கூடான சின்னம் தோரிக் மாளிகை. இலங்கையின் முதல் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், சலாபத்தை நேரில் மேற்பார்வையிடுவதற்காக 1801 முதல் 1804 வரையான காலத்தில் கடலை நோக்கிய செம்மண் மேட்டில் இதனைக் கட்டுவித்தார். கிரேக்கத் தூண்களைப் போல அமைக்கப்பட்ட செங்கற்றூண்கள் சுண்ணச்சாந்தால் பூசப்பட்டன. இன்று மேடு அலையால் அரிக்கப்பட்டுச் சுவர்கள் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. அரிப்பு என்னும் ஊர்ப்பெயருக்கு இவ்விடிபாட்டால் புதுப்பொருள் கற்பிப்போர் உளர். அது வேடிக்கையேயன்றி ஆராய்ச்சியன்று.

1905 ஆம் ஆண்டுச் சலாபம் வரலாறு காணாத விளைவைத் தந்தது. கடலியல் அறிஞர் ஹேர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னலும் பார்களை ஆராய்ந்து அறிக்கைகள் வெளியிட்ட காலமும் அதுவே. அடுத்த ஆண்டே அரசு பார்களை ஒரு தனியார் கம்பனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது. அவ்வாண்டுச் சலாபத்தில் மரிச்சுக்கட்டியில் பணிபுரிந்த இளம் அதிகாரி லெனாட் வூல்ஃப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் அதை நினைவுகூர்ந்துள்ளார். 1907 க்குப் பின் நீண்டகாலம் பார்கள் பலன் தரவில்லை. அறிவியல் அறிக்கைகள் வந்தபின் சிப்பி மறைந்தது என்பதை முரண்நகையாக மட்டும் காண்பது போதாது. கணிப்பு அறிவு குளிப்போரிடமிருந்து அதிகாரியிடமும், அதிகாரியிடமிருந்து குத்தகையாளரிடமும் கைமாறிய வரலாறு அதனுள் உண்டு.

அரிப்பிலும் தலைமன்னாரிலும் இறங்கிய இன்னொரு கூட்டத்தாரைக் கோட்டை வரலாறுகள் பேசுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழகத் தொழிலாளர் இக்கரைகளில் இறங்கி, காட்டுப்பாதை வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மேற்கொள்ளப்பட்ட நடைபயணம் அவ்வழியைப் பொதுநினைவுக்கு மீட்டது. நோர்த்தின் தூண்களுக்குச் செலவிடும் சொற்களில் ஒரு சிறுபகுதியையாவது சுற்றுலாக் கைந்நூல்கள் இவ்வழிக்கும் செலவிடுதல் தகும்.

சரணாலயங்களின் காலம்

இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்பு இன்றும் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படையிலேயே நடைபெறுகின்றது. அச்சட்டம் வகுக்கும் வகைகளுள் சரணாலயத்தில் தனியார் காணியும் குடியிருப்பும் இருக்கலாம். இயற்கை ஒதுக்கிடத்தில் மரபான தொழில்களுக்கு ஓரளவு இடமுண்டு. தேசியப் பூங்காவில் சீட்டுப் பெற்ற பார்வையாளர் செல்லலாம். வலையோடோ கோடரியோடோ எவரும் செல்லலாகாது. காண்பவனுக்குத் திறந்து உழைப்பவனுக்கு மூடும் இவ்வொழுங்கு எல்லா நாடுகளிலும் உள்ளதே. ஆயினும் மன்னாரின் கோட்டைவாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பதை அறிந்தோர் இதனை எளிதில் கடந்துபோக இயலாது.

வில்பத்து 1938 இல் தேசியப் பூங்காவாயிற்று. மனிதர் காலடி படாத காடு என அதனைக் காண வருவோர் கருதுவர். அதன் மேற்குக் கரையிலுள்ள குதிரைமலை பழங்காலத் துறை. பொம்பரிப்பில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமத்தாழிகளோ ஆதிச்சநல்லூரின் தாழிகளோடு ஒப்பிடப்படுபவை. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே நிலவிய பெருங்கற்காலத் தொடர்புக்கு முதன்மையான சான்றுகளுள் ஒன்று இன்று சிறுத்தை காணச் செல்லும் வண்டித்தடத்தின் அருகே கிடக்கின்றது. காடு அங்கு முதலில் இருந்ததன்று. மக்கள் அகன்றபின் வந்தது.

வங்காலைச் சரணாலயம் 2008 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டயர். 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. மன்னாருக்குச் செல்லும் பெருஞ்சாலை இதனூடே செல்வதால், வண்டியை விட்டு இறங்காமலேயே பூநாரைக் கூட்டங்களையும் வடபுலத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து முதலியவற்றையும் பருவகாலத்தில் காணலாம். மத்திய ஆசியப் பறவைவழியின் தென்கோடித் தங்குமிடங்களுள் இது ஒன்று. இதன் சிறப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அறிவிப்பின் காலமோ கவனத்துக்குரியது. மன்னார் மாவட்டப் பெருநிலம் அரச படையினர் வசமாகிச் சில வாரங்களே சென்றிருந்தன. இடம்பெயர்ந்த மக்கள் திரும்பிவராத நிலத்தில் எல்லைகள் வரையப்பட்டன.

2015 இல் இராமர் பாலத்தின் மணற்றிட்டுகளையும் கடலையும் உள்ளடக்கிய 18,990 ஹெக்டயர் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. ஆலாப் பறவைகள் முட்டையிடும் திட்டுகள் அங்கு உள்ளன. 2016 இல் விடத்தல்தீவுக் கடலேரியும் கண்டற்காடுகளும் கடற்புற்படுகைகளும் 29,180 ஹெக்டயர் பரப்பில் இயற்கை ஒதுக்கிடமாயின. கடற்பசு மேயும் நீர்ப்பரப்பு அது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே விடத்தல்தீவு கடற்புலிகளின் தளமாக இருந்து 2008 சூலையில் படையினரிடம் வீழ்ந்தது. கொத்தளத்திலிருந்து கண்டற்காட்டுக்கு இடம் மாறினாலும், கடல்வழியைக் காக்கும் ஆயுதமேந்திய காவல் என்னும் செய்தி இக்கரையில் 1560 முதல் அறாது தொடர்ந்து வந்ததை இது காட்டும்.

திரும்பிவந்தோரின் எல்லை

காவலின் விலை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் முசலிப் பிரதேசம். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி போன்ற ஊர்கள் வெறுமையாயின. சலாபக் காலத்தில் உலகமே கூடிய கரை அது. இருபதாண்டுகளுக்குப்பின் மக்கள் திரும்பியபோது வயலிலும் முற்றத்திலும் காடு வளர்ந்திருந்தது. 2012 இல் அக்காட்டின் பகுதிகள் வர்த்தமானி வாயிலாக ஒதுக்கக் காடாயின. அதன்பின் நிகழ்ந்த குடியேற்றமும் காடழிப்பும் தேசியப் பெருவிவாதமாயின. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒதுக்கக் காட்டில் நடந்த துப்புரவு சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வழி அது. வெளியேற்றப்பட்டமையால் விளைந்த காட்டை, வெளியேற்றப்பட்டோருக்கெதிரான சான்றாக வரலாறு ஏற்கலாமா என்பது வேறு வினா. இவ்வினாவைத் தமிழாய்வுலகம் நேர்கொண்டு எழுப்பாமை ஒரு குறையே. வெளியேற்றியோர் தமிழில் பேசினர். வெளியேறியோரும் தமிழையே பேசினர்.

முசலியின் முள்ளிக்குளத்திலோ கத்தோலிக்கத் தமிழ் மக்கள் 2007 இல் அகற்றப்பட்டு, ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2017 இல் ஒரு பகுதி மட்டுமே மீளளிக்கப்பட்டது. முசலியில் ஒதுக்கிடமும் கோட்டையும் ஒரே பிரதேசத்தில் இன்றும் அருகருகே வாழ்கின்றன.

இதனால் ஒதுக்கிடங்கள் வேண்டா என்பது பொருளன்று. 2024 மே மாதம் விடத்தல்தீவு ஒதுக்கிடத்தின் 168 ஹெக்டயர், நீருயிர் வளர்ப்புத் திட்டத்துக்காக ஒதுக்கிடத் தகுதியிலிருந்து நீக்கப்பட்டது. சூழலியல் அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. அவ்வாண்டிலேயே நாட்டின் உயர் நீதிமன்றம் அவ்வர்த்தமானியை இடைநிறுத்தி வைத்தது. இறால் குஞ்சு பொரிக்கும் கண்டற்காடு இல்லையெனில் கரைவலையும் களங்கட்டியும் வெறுமையாகவே மீளும். மக்களைக் கேளாமல் வரையப்பட்ட எல்லை, முதலீட்டாளர் வந்தபோது மக்களின் கடலுக்கு அரணாகவும் நின்றது. 1906 இன் குத்தகையாளருக்கு எதிரே அத்தகைய அரண் எதுவும் இருந்ததில்லை.

அவ்வெல்லை தடுக்காதவையும் உண்டு. தமிழகக் கரையிலிருந்து வரும் இழுவைப்படகுகள் கடற்புற்படுகைகளை வாரிச்செல்கின்றன. இழுவைமடி முறையை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்த பின்னும் வரவு நிற்கவில்லை. இருபுறமும் தமிழ் மீனவரே என்பதால் இது மாநாட்டு மேடைகளில் மெல்லிய குரலிலேயே பேசப்படுகின்றது. தீவின் தென்கரையில் 2020 இல் தொடங்கிய முப்பது காற்றாலைகளின் வரிசையும் பறவைவழியின் நடுவே நிற்கின்றது. ஒதுக்கிட எல்லைக்கு வெளியே பறப்பதற்குப் பறவைக்குத் தடையில்லை.

மன்னாரின் பார்களுக்குப் பெயரிட்டோர், எந்தத் திட்டில் எப்போது ஆலா முட்டையிடும், எந்த நீரில் கடற்பசு மேயும் என அறிந்தோர் இன்றும் பள்ளிமுனையிலும் வங்காலையிலும் பேசாலையிலும் சிலாபத்துறையிலும் உள்ளனர். கோட்டைக் காலத்தின் ஆவணங்கள் லிஸ்பனிலும் ஹேக்கிலும் கொழும்பிலும் பாதுகாப்பாக உள்ளன, அவை காத்திருக்கும். முதியோரின் கடலறிவு அவ்வாறன்று. அதனைத் தொகுக்கும் பணி ஊர்தோறும், தமிழ்க் கத்தோலிக்கர், முஸ்லிம்கள், சைவர் என்னும் வேறுபாடின்றித் தொடங்கப்படுதல் வேண்டும். ஒதுக்கிட எல்லைகள் அடுத்தமுறை மீளாய்வு செய்யப்படும்போது வரைபடத்தோடு அத்தொகுப்பும் மேசைமீது இருத்தல் வேண்டும்.